மாரியோ ஓடிவந்த பாதை



1985ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் பினாங்குப் பாலம் அதிகாரபூர்வமாகத் திறந்துவைக்கப்பட்டது. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் எட்டுக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பகுதி கடலின் மீதே செல்கிறது. அதுவரை தீவுக்குப் போகவேண்டுமானால் பட்டர்வொர்த்தில் பெர்ரிக்குக் காத்துக் கிடக்கவேண்டும். இனிமேல் தீவும் பெருநிலமும் ஒரே ஊர்தான் என்று பெரியவர்கள் வியந்து பேசிக்கொண்டது நமக்கு மங்கலாக நினைவிருக்கிறது. அப்போது நமக்கு ஐந்து வயது.

அதற்கு முந்திய நாள், செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. ஜப்பான் நாட்டுக் கடைகளில் உள்ளங்கையளவு பிளாஸ்டிக் கேசட் ஒன்று விற்பனைக்கு வந்தது. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்பது அதன் பெயர். தொப்பியும் மீசையும் வைத்த ஒரு குள்ள மனிதன் தொலைக்காட்சித் திரையில் இடமிருந்து வலமாக ஓடுவான், தாவுவான், பள்ளத்தில் விழுவான், மறுபடியும் முதலிலிருந்து ஓடுவான். விளையாட்டு அவ்வளவுதான். அந்தக் கேசட் உலகெங்கும் நான்கு கோடிக்கு மேல் விற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் நம் வீட்டிற்குள் அவை இரண்டும் ஒன்றாகவே நுழைந்தன. எப்படி நுழைந்தன என்பதையும், அந்தக் குள்ள மனிதனிடம் பிள்ளைகள் ஏன் இப்படி மயங்கினார்கள் என்பதையும் இவ்வுரையில் பார்ப்போம்.

முதலில் பினாங்கின் கதையைச் சொல்லிவிடுவோம். ஜார்ஜ்டவுன் நெடுங்காலம் தீர்வையற்ற துறைமுகமாக இருந்து செழித்த நகரம். அந்தச் சலுகை 1969இல் பறிபோயிற்று. இளைஞர்கள் வேலையின்றித் திரிந்த காலம் அது. அதே ஆண்டு மாநில முதலமைச்சராகப் பொறுப்பேற்ற டாக்டர் லிம் சோங் யூ, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்துவந்து குடியமர்த்த முனைந்தார். பாயான் லெப்பாஸில் வயற்காடாகக் கிடந்த நிலத்தில் 1972இல் தீர்வையற்ற தொழிற்பேட்டை எழுந்தது. இன்டெல், ஹியூலட் பக்கார்டு, ஹிட்டாச்சி, போஷ் முதலிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அவற்றுக்கு 'எட்டுச் சாமுராய்கள்' என்று பட்டப்பெயர்கூட உண்டு. இந்தத் தொழிற்சாலைகளுக்கு வேண்டியிருந்தவை கூர்மையான கண்களும் பதறாத விரல்களும். ஆகவே அவை இளம்பெண்களைத் தேடின. கம்பங்களிலிருந்தும் புறநகர்களிலிருந்தும் பெண்கள் போனார்கள். தோட்டத்துப் பெண்களும் போனார்கள். தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கியில் பார்த்துச் சில்லோடு இணைப்பது 1970களில் பெண்கள் கையால் செய்த வேலை. பின்னாளில் அதை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. சரிபார்க்கும் வேலை பெண்களிடமே இருந்தது.

நம் அக்காளும் அப்படிப் போனவர்களில் ஒருத்தி. நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நம் குடும்பம் இருந்தது. அம்மா விடியற்காலைப் பெரட்டுக்குப் போய்ப் பால் வெட்டினார். அக்காளுக்கு அந்த வேலை வேண்டாம் என்பதில் அம்மா பிடிவாதமாக இருந்தார். பாலம் வந்தபின் தொழிற்சாலைப் பேருந்து எங்கள் தோட்டத்துச் சாலைமுனை வரைக்கும் வந்தது. இரவு வேலை முடிந்து காலையில் கண் சிவந்து இறங்குவாள் அக்காள். 1990ஆம் ஆண்டு இறுதியில் கிடைத்த போனஸ் பணத்தில் ஜார்ஜ்டவுன் கொம்தாரிலிருந்து அவள் வாங்கிவந்த பெட்டிதான் 'மைக்ரோ ஜீனியஸ்'. தம்பி தங்கைகள் ஊர் சுற்றாமல் வீட்டோடு கிடக்கட்டும் என்பது அவள் கணக்கு. "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்குடி?" என்று அம்மா கேட்டதும், "நாள் முழுக்க நுண்ணோக்கியப் பாக்குறேன்மா, எனக்கும் விளையாட ஒண்ணு வேணாமா?" என்று அக்காள் சிரித்ததும் இன்றும் காதில் ஒலிக்கின்றன.

மைக்ரோ ஜீனியஸ் என்பது அசல் அன்று. நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்ற பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். நம் வட்டாரத்தில் அசலைக் கண்டவர் அரிது. ஒரே கேசட்டில் பல விளையாட்டுகளை அடைத்து விற்றார்கள். அதில் முதல் வரிசையில் மாரியோ இருப்பார். அக்காள் சரிபார்த்த சில்லு ஒன்று அந்தப் பெட்டிக்குள் இருந்ததென்று கதை கட்ட நமக்கும் ஆசைதான். ஆனால் அசல் பெட்டியின் மூளையைச் செய்தது ஜப்பானின் ரிக்கோ நிறுவனம். நகலின் மூளை தைவானில் பிறந்தது. பாயான் லெப்பாஸிலிருந்து வந்தது அதற்கான காசு மட்டுமே.

இனி விளையாட்டின் வரலாற்றுக்கு வருவோம். காசு போட்டு ஆடும் திரை விளையாட்டுகள் 1970களில் அமெரிக்காவில் பரவின. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்பதைக் கொண்டுவந்தது. 1980இல் நாம்கோ நிறுவனத்தின் 'பேக்-மேன்' வந்தது. இவற்றின் இயல்பை நாம் கவனிக்கவேண்டும். திரை நகராது, எதிரிகள்தாம் நம்மை நோக்கி வருவார்கள். எவ்வளவு திறமையாக ஆடினாலும் விளையாட்டுக்கு வெற்றியான முடிவு என்று ஒன்று கிடையாது; தோல்வியில்தான் முடியும். கடைக்காரருக்கு அடுத்த காசு விழவேண்டுமன்றோ? ஆகவே ஆடுபவனைச் சில நிமிடங்களில் வெளியேற்றுவதையே கருத்தில் கொண்டு அவை அமைக்கப்பட்டன. பெற்றோர் அஞ்சியதில் வியப்பில்லை. பிலிப்பைன்ஸில் அதிபர் மார்க்கோஸ் 1981இல் இத்தகைய விளையாட்டுகளையே தடைசெய்தார். நம் நாட்டிலும் அந்தப் பத்தாண்டில் விளையாட்டு நிலையங்களைப் பற்றிய கவலை வீட்டுக்கு வீடு இருந்தது.

மாரியோவைப் பெற்றெடுத்த நிண்டெண்டோ இந்தத் துறைக்குப் புதியது. ஆனால் விளையாட்டுக்குப் பழையது. 1889இல் கியோத்தோ நகரில் 'ஹனஃபுடா' என்னும் பூச்சீட்டுகள் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அங்கே 1977இல் ஓவியராக வேலைக்குச் சேர்ந்தவர் ஷிகெரு மியாமோட்டோ. 1952இல் கியோத்தோவுக்கு அருகிலுள்ள சோனோபே என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறுவயதில் காட்டில் ஒரு குகையைக் கண்டுபிடித்து, விளக்கை ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்து பார்த்த அனுபவத்தை அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்காவில் விற்காமல் தேங்கிப்போன தம் நிறுவனத்து விளையாட்டுப் பெட்டிகளுக்கு வேறொரு விளையாட்டை ஏற்றித் தரும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்படி 1981இல் பிறந்ததே 'டாங்கி காங்'. ஒரு குரங்கு உருட்டிவிடும் பீப்பாய்களைத் தாவிக் கடந்து மேலே ஏறும் தச்சன் அதில் வருகிறான். அமெரிக்காவில் அந்நிறுவனத்துக்குக் கிடங்கு வாடகைக்குக் கொடுத்திருந்தவரின் பெயர் அவனுக்கு வைக்கப்பட்டது. அதுவே மாரியோ. தொப்பியும் மீசையுங்கூடக் கலை அழகுக்காக வந்தவை அல்ல. உருவத்துக்குக் கிடைத்த புள்ளிகள் மிகக் குறைவு. அவற்றைக் கொண்டு வாயும் தலைமயிரும் வரைய இயலவில்லை. மீசை வாயை மறைத்தது. தொப்பி தலைமயிரை மறைத்தது.

1985இல் அந்த மனிதன் நின்ற திரையை விட்டு ஓடத் தொடங்கினான். அவன் ஓட ஓட உலகம் பின்னோக்கி நகரும். வலப்புறத்தில் புதிய நிலம் பிறந்துகொண்டே இருக்கும். இம்முறையைக் கண்டுபிடித்தது நிண்டெண்டோ என்று எண்ணிவிடக்கூடாது. நாம்கோவின் 'பேக்-லேண்ட்' 1984இலேயே அவ்வாறு ஓடியது. அதற்கு முன்னும் சில உண்டு. ஆனால் வீட்டுப் பெட்டியில் இவ்வளவு வழுக்கலாக, இவ்வளவு நீளமாக ஓடிய உலகத்தை அதுவரை பெரும்பாலோர் பார்த்ததில்லை. எட்டு உலகங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். கடைசியில் ஒரு கோட்டை, அதில் ஓர் இளவரசி. காசு விழும் கவலை வீட்டுப் பெட்டிக்கு இல்லை. அதனால் கதைக்கு முடிவு வைக்க முடிந்தது.

ஓடும் ஓவியம் கியோத்தோ மக்களுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 'எமாகி' என்னும் நீண்ட ஓவியச் சுருள்களை ஜப்பானியர் பல நூற்றாண்டுகளாக வரைந்துவந்தனர். கையகலம் விரித்துப் பார்ப்பார்கள். பார்த்ததைச் சுருட்டிக்கொண்டு அடுத்ததை விரிப்பார்கள். தவளையும் முயலும் மனிதரைப்போல் விளையாடும் புகழ்பெற்ற சுருள் ஒன்று கியோத்தோவின் கோசான்-ஜி கோவிலுக்கு உரியது. அச்சுருள்கள் வலமிருந்து இடமாக நகரும். மாரியோ இடமிருந்து வலமாக ஓடுகிறார். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. விரியாத பகுதியில் என்ன இருக்கிறதோ என்ற ஆவல் இரண்டிலும் ஒன்றே.

நம் பிள்ளைகள் ஆடிவந்தவற்றோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். பரமபதத்தில் ஏணியும் பாம்பும் தாயத்தின் கையில். நாம் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை. விழுந்த எண்ணுக்குக் காயை நகர்த்துவதோடு சரி. பாண்டி ஆட்டம் வேறு. கோட்டை மிதித்தால் ஆட்டம் போயிற்று. மிதித்தது நம் கால்தான் என்பதில் நமக்கே ஐயமிராது. மாரியோ பாண்டியின் இனத்தைச் சேர்ந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் உயரத் தாவுவான். தட்டிவிட்டால் சிறிதே எழும்புவான். ஓடிவந்து தாவினால் தூரம் கூடும். அந்தரத்தில் இருக்கும்போதே சற்று முன்னோ பின்னோ திருப்பலாம். நிறுத்தினாலும் உடனே நிற்கமாட்டான். ஈரத் தரையில் வழுக்குவதுபோல் இரண்டடி சறுக்கி நிற்பான். அவனுக்கு எடை இருப்பதுபோல் விரலுக்குத் தோன்றும். பள்ளத்தில் விழுந்தபோது பெட்டியைத் திட்டிய பிள்ளையை நாங்கள் லயத்தில் பார்த்ததில்லை. "கொஞ்சம் சீக்கிரம் தாவிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். தன் பிழையைத் தானே இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் மாணவனை வகுப்பில் காண்பது அரிது. ஆசிரியர்களுக்கு நாம் சொல்வது புரியும்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நமக்குச் சொல்லித்தந்த பாடம் ஒன்று உண்டு. எளிமையிலிருந்து கடினத்துக்குச் செல்; தெரிந்ததிலிருந்து தெரியாததுக்குச் செல். தேர்வில் எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். அது எப்படிச் செயலாகிறது என்பதை நாம் கண்கூடாகக் கண்டது மாரியோவின் முதல் கட்டத்தில்தான். அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

விளையாட்டு தொடங்குகிறது. மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார். வலப்பக்கம் வெற்றிடம். எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எழுதிக் காட்டவில்லை, எழுத வேண்டியதுமில்லை. நடக்கிறோம். கேள்விக்குறி போட்ட கட்டி ஒன்று தலைக்குமேல் மின்னுகிறது. எதிரே பழுப்பு நிறத்தில் முறைத்தபடி ஒரு சிற்றுருவம் வருகிறது. அதன் பெயர் 'கூம்பா'. முதல்முறை ஆடுபவன் அதன்மேல் மோதி இறப்பான். போனது சில நொடிகளே; மறுபடி தொடங்கலாம். இரண்டாம் முறை தாவுவான். தாவினால் ஒன்று அதைக் கடப்பான், அல்லது அதன் தலையில் குதித்து நசுக்குவான், அல்லது மேலே இருக்கும் கட்டியை முட்டுவான். மூன்றில் எது நடந்தாலும் ஒரு பாடம் படிந்துவிடும்.

அடுத்தது காளான். ஒரு கட்டியை முட்டினால் அதிலிருந்து காளான் வெளிவரும். அதைத் தொட்டால் மாரியோ பெரியவன் ஆவான். ஆனால் புதிதாக ஆடுபவன் அதை எதிரி என்று எண்ணி ஓடிவிடக்கூடுமே? வடிவமும் ஏறக்குறைய கூம்பாவைப் போலத்தானே இருக்கிறது? செய்தவர்கள் இதை எதிர்பார்த்திருந்தார்கள். காளான் முதலில் வலப்பக்கம் விலகி ஓடும். அங்கே நிற்கும் பச்சைக் குழாயில் மோதித் திரும்பும். இப்போது நேரே நம்மை நோக்கி வரும். பயந்து தாவினாலோ மேலே வரிசையாக இருக்கும் செங்கற்களில் தலை முட்டிப் பெரும்பாலும் அதன்மேலேயே வந்து விழுவோம். பயந்தவனுக்கும் வளர்ச்சி கிடைத்துவிடுகிறது! மியாமோட்டோவே இந்த ஏற்பாட்டைப் பிற்காலத்தில் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்.

இன்னும் ஒன்று. அதே கட்டத்தின் பிற்பகுதியில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிரே நிற்கும். நடுவில் இடைவெளி. தாவத் தவறினால் கீழே தரை இருக்கும். ஏறிவந்து மறுபடி தாவலாம். சற்றுத் தள்ளி அதே போன்ற இன்னொரு சோடி. இம்முறை இடைவெளியில் தரை இல்லை; பள்ளம். முன்னது பயிற்சி, பின்னது தேர்வு. பயிற்சியில் தவறியவனுக்குத் தண்டனை இல்லை. இதில் ஒரு சொல்லும் எழுதப்படவில்லை என்பதை நேயர்கள் மறக்கவேண்டாம். தமிழோ மலாயோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாத பிள்ளையும், ஏன், தோட்டத்து ஆயாக்கொட்டகையை விட்டு அப்போதுதான் வெளிவந்த பிள்ளையும் இதைக் கற்றுக்கொண்டது.

இந்த முதல் கட்டத்தை அவர்கள் முதலில் செய்யவில்லை என்பது இன்னொரு செய்தி. விளையாட்டின் பிற பகுதிகளை அமைத்து, ஆடுபவனுக்கு என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்பது தெளிவானபின்பே தொடக்கத்தை வடிவமைத்தார்கள். மியாமோட்டோவும் அவருடைய துணைவர் தகாஷி தெசுக்காவும் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டத்தையும் கையால் வரைந்தார்கள். திருத்தம் வேண்டுமானால் மேலே மெல்லிய தாளை ஒட்டி அதில் வரைவார்கள். அதைப் பார்த்து நிரலாளர்கள் எண்களாக ஏற்றுவார்கள். கோஜி கொண்டோ இசை அமைத்தார். கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய சிறு குழு அது.

அவர்களுக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது. கேசட்டுக்குள் நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட், ஆக மொத்தம் 40 கிலோபைட். நேயர்களுக்கு ஓர் அளவு சொல்கிறோம். இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இவ்வுரையைக் கணினியில் யூனிகோடு முறையில் தட்டெழுதிச் சேமித்தால் அது 40 கிலோபைட்டைத் தாண்டிவிடும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் தேவைப்படுகிறது. இந்த ஓர் உரைக்குப் போதாத இடத்தில் அவர்கள் எட்டு உலகங்களையும் கடலையும் ஆமைகளையும் நெருப்புக் கோட்டைகளையும் அடக்கினார்கள். சிக்கனம் எந்த அளவுக்கு என்றால், வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படந்தான். நிறம் மட்டும் வேறு. வெள்ளையடித்தால் மேகம், பச்சையடித்தால் புதர். இதை நாம் அறிந்தது ஆசிரியரான பிறகு. அத்தனை ஆண்டுகள் ஆடியும் கண்ணில் படவில்லை.

எங்கள் தோட்டத்தில் இன்னொரு வகைச் சிக்கனமும் இருந்தது. மின்சாரம் தோட்டத்து இயந்திரத்திலிருந்து வந்தது. மாலை ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்துக்கு நின்றுவிடும். அந்த விளையாட்டிலோ ஆடிய இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி கிடையாது. ஏழாம் உலகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் மின்சாரம் போனால் போனதுதான். மறுநாள் முதல் உலகம், முதல் கட்டம். அதற்குள் அம்மா தொலைக்காட்சிச் செய்தி பார்க்கவேண்டும். அக்காள் நாடகம் பார்க்கவேண்டும். எங்களுக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம். ஆடக் காத்திருப்பவர்களோ பக்கத்து லயத்துப் பிள்ளைகளையும் சேர்த்து ஏழெட்டுப் பேர். கடைசிக் கோட்டையை எப்படித்தான் பார்ப்பது?

விடை தண்ணீர்மலையில் கிடைத்தது. 1992ஆம் ஆண்டுத் தைப்பூசத்துக்கு ஜார்ஜ்டவுனிலிருந்த சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தோம். காவடிகள் ஏறிக்கொண்டிருக்க, தண்ணீர்ப் பந்தல் ஓரத்தில் சின்னம்மா மகன் காதோடு காதாக ஒரு மறைபொருளைச் சொன்னான். முதல் உலகத்தின் இரண்டாம் கட்டம் பூமிக்கடியில் நடப்பது. அதன் இறுதியில் வெளியேறும் குழாய்க்குள் நுழையாமல், மேலே தெரியும் செங்கற்களின்மேல் ஏறிக் கூரைக்கு மேலாகவே நடந்துபோனால் ஓர் அறை வரும். அங்கே மூன்று குழாய்கள். அவை இரண்டாம், மூன்றாம், நான்காம் உலகங்களுக்கு நேரே கொண்டுபோய் விடும். நான்காம் உலகத்திலும் இப்படி ஒன்று உண்டு. அது எட்டாம் உலகம்வரை தாவச்செய்யும். 32 கட்டங்களுக்குப் பதில் எட்டே கட்டங்களில் கடைசிக் கோட்டையை எட்டிவிடலாம்.

அண்ணனுக்கு யார் சொன்னார்கள்? பள்ளித் தோழன் ஒருவன். அவனுக்கு? தெரியாது. எங்களிடம் புத்தகம் இல்லை, சஞ்சிகை இல்லை. கியோத்தோவில் வைத்த மறைவாயில் ஒன்று வாய்ச்சொல்லாகவே நாடு கடந்து, கடல் கடந்து, பாலத்தைக் கடந்து செம்பனைக் காட்டுக்குள் இருந்த ஒரு லயத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர் திரும்பிய அன்றிரவு பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் கோட்டைப் பாலத்தின் கோடரியைத் தொட்டோம். பாலம் அறுந்தது, பூதம் நெருப்புக் குழம்பில் விழுந்தது. பக்கத்து லயத்திலிருந்து யாரோ தகரத்தைத் தட்டி அதட்டுமளவுக்குக் கூச்சல் போட்டோம். அக்காள் இரவு வேலைக்குப் போயிருந்தாள். காலையில் அவள் பேருந்தை விட்டு இறங்கும்போதே ஓடிப்போய்ச் சொன்னோம்.

உலகில் இன்றும் இந்த விளையாட்டை விடாமல் ஆடுபவர்கள் உண்டு. மறைகுழாய்களையும் இன்னும் நுணுக்கமான தந்திரங்களையும் பயன்படுத்தி ஐந்து நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். நொடியைப் பல கூறாக்கி அதில் ஒரு கூறைக் குறைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். நம் ஒரு மணி நேரக் கவலையை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆயினும் குறையையும் கூறவேண்டும். தோட்டத்தில் மாரியோ வந்தபின் கோலியும் பாண்டியும் மெல்ல மறைந்தன. பம்பரம் சுற்றிய முற்றத்தில் மாலை வேளையில் ஆள் நடமாட்டம் குறைந்தது. வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் பெருகினர். நாமும் அவர்களில் ஒருவரே. ஆனால் ஆசிரியராகி மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டோம். மனிதர் இயல்பு அப்படித்தான் போலும்.

2004ஆம் ஆண்டில் நாம் பணியாற்றிய தோட்டப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். உயிரெழுத்துகளே தடுமாறும். பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் பாதியில் நிறுத்திவிட்டு சன்னலைப் பார்ப்பான். நிபோங் திபால் இரவுச் சந்தையில் வாங்கிய மலிவான விளையாட்டுப் பெட்டி அவர்கள் வீட்டில் இருந்தது. அதிலும் அதே மாரியோதான். ஒருநாள் கணக்குப் பாடத்தின்போது அவன் குனிந்து எதையோ வரைந்துகொண்டிருந்தான். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நாலைந்து பக்கங்களைப் பசையால் ஒட்டி நீளமாக்கி, பென்சிலால் சதுரம் சதுரமாக நிரப்பியிருந்தான். அரசாங்கம் கொடுத்த நோட்டை வீணாக்கினாய் என்று கடிந்துகொண்டு பறித்துவிட்டோம். பள்ளி முடிந்ததும், "சார், அத மட்டும் குடுத்துடுங்க சார்" என்று வாசலில் நின்றான். நாளை அப்பாவை அழைத்துவா, தருகிறோம் என்றோம். அப்பா வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் தோட்டம் கைமாறியது. லயங்களைக் காலிசெய்யச் சொன்னார்கள். அந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மியாமோட்டோ கட்டத்தாளில் வரைந்த செய்தியை நாம் படித்தது அதற்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு. படித்த அன்று வீட்டு அலமாரியைத் துழாவி அந்த நோட்டை எடுத்தோம். பசை காய்ந்து பக்கங்கள் பிரிந்திருந்தன. தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதல் கட்டம் முழுவதும் இருந்தது. கேள்விக்குறிக் கட்டி, கூம்பா, காளான் மோதித் திரும்பும் குழாய், எல்லாம் இருந்தன. முதல் சோடிப் படிக்கட்டின் நடுவில் தரை வரைந்திருந்தான். இரண்டாவதின் நடுவில் வரையவில்லை. கொடிக்கம்பத்துக்கு முன்னால் வரும் பெரிய படிக்கட்டின் உயரம் எட்டுக் கட்டிகள். விளையாட்டை ஓடவிட்டு எண்ணிப் பார்த்தோம். அவன் நோட்டிலும் எட்டு இருந்தது. இருபதுவரை எண்ணத் தெரியாதவன் என்று மதிப்பீட்டுப் பாரத்தில் நாம் எழுதியிருந்த பிள்ளை அவன்.

கடைசிப் பக்கத்தில் கொடிக்கம்பத்துக்கு அருகே நம் கையெழுத்தும் இருந்தது. சிவப்பு மையில், 'பாடம் எங்கே?' என்று எழுதியிருந்தோம்.